டக்

நாற்பது ஐம்பது பேர் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு கூடத்தில், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் வாய்விட்டு "டக்" என்று சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. எனக்கு மெதுவாகப் பேச வராது. மலாக்காவில், பாச்சாங் பக்கம் ஒரு கிளினிக்கில் இருபது வருடமாக மருந்து கவுண்டரில் நிற்கிறேன். காது மந்தமானவர்களுக்கெல்லாம் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்லிச் சொல்லித் தொண்டை அப்படிப் பழகிவிட்டது. கூடத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. என் மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அங்கே யாருக்கும் விளக்கம் கொடுக்க முடியவில்லை. இங்கே கொடுக்கிறேன். அதற்கு என் வீட்டுக்காரரிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் போய் நாலு வருடம் ஆகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் மலாக்கா டவுனில் ஒரு சின்ன விடுதியில் வேலை பார்த்தார். முதுகில் மூட்டையோடு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம். படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, இதுதான் வேலை. ஒருநாள் காலி செய்த அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு கேசட் கிடைத்தது. மேலே பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த ஆள் நேற்றே ஊரை விட்டுப் போய்விட்டான், குப்பையில் போடு என்றார் முதலாளி. குப்பையில் போட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஒரு பக்கம் முழுக்கக் கித்தார். பாடுகிறவர் கிடையாது, மேளதாளம் கிடையாது, ஒரே ஒரு கித்தார். அந்தப் பக்கத்தின் கடைசியில் ஒரு வாசிப்பு வரும். நிதானமான, துக்கமான வாசிப்பு. ஆனால் அழ வைக்காது. அடுப்பில் வேலையாக இருக்கும்போது யாரோ பின்னால் வந்து சும்மா நிற்பதுபோல் இருக்கும். அது ஓர் இடத்தில் வந்து அமைதியாகும். அப்புறம் புதிதாக மூன்று சத்தம் வரும், இவ்வளவு நேரம் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி, கொஞ்சம் சந்தோஷமாக. மூன்றே மூன்று. அதோடு டேப் தீர்ந்துபோய் ரேடியோவின் பொத்தான் "டக்" என்று மேலே எழும்பிவிடும்.

மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மறுபக்கத்தில் ஓர் ஆள் அவன் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான், அரை மணி நேரம். வீட்டுக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகப் பேசிப் பதிந்திருக்கிறான் என்பது என் வீட்டுக்காரரின் கணிப்பு. நடு நடுவே அந்த ஆள் சிரிப்பான். யாரை நினைத்துச் சிரித்தானோ, அவளுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

மஸ்ஜித் தானா போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில்தான் இவர் குடும்பம். அங்கே மாதாகோயிலில் பாட்டுக்குழுவுக்குப் புதுக் கித்தார் வந்தபோது பழையதை இவருக்குக் கொடுத்தார்கள். இவர் வேறு சாமி கும்பிடுகிறவர் என்றாலும் அங்கே போய் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பாராம். யாரும் சொல்லித்தரவில்லை. கேசட்டைப் போட்டு, நிறுத்தி, திரும்ப ஓட்டி, விரலால் தேடித் தேடி அந்தக் கடைசி வாசிப்பைப் பிடித்துவிட்டார். மற்றது ஒன்றையும் அவர் தொடவே இல்லை. கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் "மாப்பிள்ளை நல்லா கித்தார் அடிப்பாரு" என்றார்கள். அவருக்கு அந்தச் சொல் பிடிக்காது.

"நான் யாரையும் அடிக்கலலா," என்பார். "தொடுறேன், அவ்ளோதான்."

கல்யாணமாகி முதல் மூன்று வருடம் அந்தத் தோட்டத்து வீட்டில்தான் இருந்தோம். நான் சமையல்கட்டில் நிற்பேன். இவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒழுங்காக ஆரம்பத்திலிருந்து வாசிப்பார். அமைதியாகிற இடம் வரும். அப்புறம் அந்த மூன்று சத்தம். அதோடு நிறுத்திவிடுவார். நான் உள்ளேயிருந்து "டக்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கித்தாரைக் கீழே வைப்பார். யார் இந்த வழக்கத்தை ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. நான்தான் ஒருநாள் கேலிக்குச் சொல்லியிருப்பேன்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சீக்கிரம் போகாது. சண்டை போட்ட நாளிலும் அவர் பாட்டுக்கு வாசிப்பார். மூன்று சத்தத்தையும் வாசித்துவிட்டு விரலைக் கம்பி மேலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் மீனைப் பொரிப்பேன், பாத்திரத்தை நங்கென்று வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அவரும் எழுந்திருக்க மாட்டார். ஒருமுறை மழைச்சாரல் முகத்தில் அடிக்க அடிக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான் "டக்கு டக்கு டக்கு, போதுமா? உள்ள வாங்க, சளி புடிச்சா யாரு பாக்கிறது?" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற வார்த்தை புழங்கியதே இல்லை. இதுதான் புழங்கியது.

தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் பாச்சாங்குக்கு வந்தோம். நான் மாசமாக இருந்தேன். டவுன் சம்பளம் பற்றாது என்று இவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூரில் நாலு பேரோடு ஓர் அறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். பாதி நாள் தூங்குவார். சாயங்காலம் எங்களைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் ஷேக் வாங்கித் தருவார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவார். இரண்டு வருடம் என்று போனவர் பதினாறு வருடம் இருந்தார்.

அந்தப் பதினாறு வருடமும் கித்தார் அலமாரி மேலே துணி சுற்றிக் கிடந்தது. போன் மட்டும் வரும். சாப்பிட்டாயா, பிள்ளை தூங்கியாச்சா, வாடகை கட்டியாச்சா. வைக்கும்போது "டக்" என்பார். நானும் "டக்" என்பேன். வாசிப்பு இல்லாமல் அது மட்டும் மிஞ்சியிருந்தது. கிளினிக்கில் கூட வேலை செய்கிறவர்களிடமும், கோயிலில் பார்க்கிறவர்களிடமும் நான் சொல்லாத நாள் கிடையாது: "என் வாழ்க்கையில பதினாறு வருஷம் வீணாப் போச்சு." மகள் பக்கத்தில் நிற்கும்போதும் சொல்லியிருக்கிறேன். இதை இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

சர்க்கரை முற்றி, காலில் இரண்டு விரலை எடுத்த பிறகுதான் அவர் வீட்டோடு வந்தார். கித்தாரை இறக்கித் துடைத்தார். கைவிரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. எந்தக் கம்பியைத் தொடுகிறோம் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றார். முன்னைவிட மெதுவாக, பாதி வேகத்தில் வாசித்தார். ஆனாலும் வாசித்தார். அமைதியாகிற இடம், மூன்று சத்தம், நான் "டக்". எங்களுக்குக் கிடைத்த இன்னொரு ஐந்து வருடம் அது.

அந்தச் சமயத்தில் மகளுக்குப் பதினாறு, பதினேழு வயது. "அப்பா, போன்ல தேடுனா கெடைக்கும்பா. நீங்க வாசிங்க, அதுவே கேட்டுப் பாட்டு பேரச் சொல்லும்" என்றாள்.

"வேணாம்மா," என்றார்.

"ஏம்பா? முடிவு எப்படின்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

"தெரியணும். ஆனா நேர்ல கேக்கணும்லா. ஒருத்தன் உக்காந்து வாசிக்கணும், நான் எதுத்தாப்ல உக்காந்து கேக்கணும். இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்துட்டு டப்பாவுலயா கேக்கிறது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. மலாக்காவில் எந்த மகாராஜா வந்து இவர் எதிரில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறான் என்று கேட்டேன். வருவான் பாரு என்றார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், அதை மறக்காமல், "அது எப்படி முடியுதுன்னு தெரியாமலே போயிருவேன் போலிருக்கே" என்று சிரித்தார். வாயைக் கழுவுங்கள் என்று திட்டினேன். திட்டியதுதான் நான் அவரோடு முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் மகள் மறுபடியும் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். ஞாபகத்தில் இருக்கிற மெட்டை முணுமுணுத்தாலே போதும், கண்டுபிடித்துவிடலாம் என்றாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கேட் வரைக்கும் வந்துவிட்டாள். நேரில் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. அது முடிந்துவிட்டால் அவரும் முடிந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவருக்காக நான் ஒருத்தியாவது அந்த முடிவைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. நாலு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

மகள் இப்போது டவுனில் ஒரு ஹோட்டலில் முன்கவுண்டரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அங்கே வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற டச்சுக்காரர் காலத்துக் கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஒருவர் கித்தார் வாசிக்கிறார். கிளாசிக்கல் கித்தார்.

"ஃப்ரீலாம்மா. யாரு வேணாலும் போலாம். மைக்குகூட இல்லையாம். அப்பா சொன்ன மாதிரி, உக்காந்து வாசிப்பாரு, எதுத்தாப்ல உக்காந்து கேக்கலாம்."

"அந்தப் பாட்ட வாசிப்பானா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

கித்தாரையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு அது தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்ததையெல்லாம் வாசித்துவிடுவானா என்று அப்போது யோசிக்கவில்லை. பெட்டியில் இருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்தேன்.

அந்தக் கட்டடத்தைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பஸ்ஸிலும் காரிலும் கடந்து போயிருக்கிறேன். உள்ளே போனதே இல்லை. அது டூரிஸ்ட்டுகளுக்கு என்று எனக்குள் ஒரு முடிவு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். மரப்படி ஏறி மாடிக்குப் போக வேண்டும். படிக்கட்டும் மேலே தரையும் பளபளவென்று மெழுகின பலகை. அதைப் பார்த்ததும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. இப்படிப்பட்ட தரையில் செருப்போடு எப்படி ஏறுவது? மேலே போய்ப் பார்த்தால் வெள்ளைக்காரர்கள், சீனர்கள், ஒரு மலாய்க் குடும்பம், எல்லாரும் சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வெறுங்காலோடு நான் ஒருத்திதான்.

"அலாமா, ஏம்மா கழட்டுனீங்க? இது கோயிலா?" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

"போய்ப் போட்டுட்டு வரவா?"

"வேணாம், உக்காருங்க. காலை உள்ள இழுத்துக்குங்க."

வாசலில் நின்ற மலாய்ப் பெண் மட்டும் என்னைப் பார்த்து அன்பாக, "மக்சிக், டுடுக் சினி" என்று உட்காரச் சொல்லி முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டினாள். போன் எடுக்கக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். மகளிடம் போனை உள்ளே வை என்று இரண்டு தடவை சொன்னேன்.

வாசிக்க வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். வழுக்கை. இடது காலை ஒரு சின்ன முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அதே காலைப் பெயின்ட் டப்பா மேல் வைப்பார். யாரும் சொல்லித் தராமலே அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

தாளில் ஒன்பது பெயர் போட்டிருந்தது. ஒன்றும் எனக்குப் புரியாத பெயர்கள். ஒவ்வொன்று ஆரம்பிக்கும்போதும் இதுவாக இருக்குமோ என்று நிமிர்ந்து உட்காருவேன். நாலு சத்தத்திலேயே இல்லை என்று தெரிந்துவிடும். நன்றாகத்தான் வாசித்தார். அவர் விரல் ஓடின வேகத்தைப் பார்த்து ஒரு சீனப் பையன் வாயைப் பிளந்தான். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கடையில் ஒரு பொருளைத் தேடிப் போனால் மற்றதெல்லாம் கண்ணில் படுமா?

ஐந்தாவது வாசிப்பின்போது கீழே தெருவில் ஒரு பேச்சா வண்டி போனது. எங்கள் ஊர் பேச்சாக்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மூன்று சக்கர வண்டி முழுக்கப் பொம்மையும் பிளாஸ்டிக் பூவும் மின்விளக்கும் கட்டி, ஸ்பீக்கரில் ஊரே அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். அந்தக் கனத்த சுவரையும் தாண்டி அந்தக் கும்மாளம் உள்ளே வந்தது. வாசித்தவர் நிறுத்தினார், மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். வண்டி போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்வது சிலருக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

ஒன்பதும் முடிந்தது. அது வரவில்லை.

அவர் எழுந்து குனிந்தார், எல்லாரும் எழுந்து தட்டினார்கள், அவர் பக்கத்து அறைக்குள் போய்விட்டார். நம் நிகழ்ச்சி என்றால் இதற்கு மேல் நன்றியுரை இருக்கும், அதன் பிறகு சாப்பிட மீகூன் பொட்டலம் இருக்கும். இங்கே அதெல்லாம் இருக்காது என்று தெரிந்ததால் நான் கிளம்பிவிட்டேன். மகள் "இருங்கம்மா" என்றாள். நான் நிற்கவில்லை. அழுகை வருவதற்கு முன்னால் படியிறங்கிவிட வேண்டும். யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. வாசித்தவர்மேல், தாளைக் கொண்டுவந்த மகள்மேல், வருவான் பாரு என்று சொல்லிவிட்டுப் போன மனிதர்மேல். அவர்மேல்தான் அதிகம். நல்ல சேலை கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் கைப்பிடியைப் பிடித்தேன். கைதட்டல் நிற்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் அந்த மனிதர் மறுபடியும் வந்து உட்கார்கிறார். தட்டினால் இன்னொன்று வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. முன்கூட்டித் தெரிந்தவர்கள் எல்லாரும் அதற்காகத்தான் தட்டியிருக்கிறார்கள். கூடம் அடங்கியது. என்ன வாசிக்கப் போகிறார் என்று சொல்லவில்லை. காலை முக்காலியில் வைத்தார்.

முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வெறுங்கால் என்பதால் பலகை வழியாகக் கித்தார் உள்ளங்காலில் கேட்டது. என் வீட்டுக்காரர் விரல் தடுக்குகிற இடங்களில் இவர் தடுக்கவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். அந்த இடங்களில் எனக்குத்தான் தடுக்கியது. மீன் பொரிகிற வாசனை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு வந்தது. அமைதியாகிற இடத்துக்கு வந்தார். அப்புறம் அந்த மூன்று சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

"டக்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். அவர் காத்துக்கொண்டிருப்பார் என்று வாய் சொல்லிவிட்டது.

எல்லாரும் திரும்பினார்கள் என்று முதலிலேயே சொன்னேன். வாசித்தவரும் கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தார். ஆனால் அவர் விரல் நிற்கவில்லை. நாலாவது சத்தம் வந்தது. ஐந்தாவது வந்தது. நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு காலம் மூடிக் கிடந்த அறைக்குள் போவது மாதிரி இருந்தது. துக்கமான வாசிப்பு என்றுதானே நினைத்திருந்தோம். நடுவில் அது துக்கமாகவே இல்லை. வெயில் அடித்தது. துணி காயப்போட்டு, பிள்ளை ஓடித் திரிகிற ஒரு சாதாரண பகல் பொழுதாக இருந்தது. இது தெரியாமல் போய்விட்டாரே, இது தெரியாமல் போய்விட்டாரே என்று அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி முடிவு வரும் என்று காத்திருந்தேன். பெரிதாக ஏதோ வரப் போகிறது என்று. வரவில்லை. வாசிப்பு திரும்பி, முதலில் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது. அதே துக்கம், அதே நிதானம், எனக்கு மனப்பாடமான அதே பாதை. அமைதியாகிற அந்த இடத்துக்கு வந்தது. மூன்று சத்தத்துக்காகக் காது தயாராக நின்றது. அது வரவில்லை. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடிந்துவிட்டது.

அதுதான் முடிவு. மூன்று சத்தத்துக்கு முன்னால் அமைதியாகிற அந்த இடம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் அந்த முடிவை வாசித்திருக்கிறார். தெரியவில்லை தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, முடிவைத் தாண்டி மூன்று அடி வைத்து நின்றிருக்கிறார்.

அந்த மனிதரிடம் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் இங்கிலீஷுக்கு அவ்வளவு தூரம் போக வராது. கீழே வந்தேன். வாசலில் என் செருப்பு ஒரு ஜோடி மட்டும் தனியாகக் கிடந்தது. போட்டுக்கொண்டு காருக்கு நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாலத்திலிருந்து ஒரே ஜாம். மகள் பாச்சாங் பக்கம் திரும்பாமல், சொல்லாமலே கிளேபாங் ரோட்டைப் பிடித்தாள்.

"அப்பாவுக்கு முடிவு தெரிஞ்சிருக்கு," என்றேன். "தெனமும் அதத்தான் வாசிச்சிருக்காரு. நமக்குத் தெரியாமப் போனது நடுவுலதான். மொதல்ல கொஞ்சம் இருந்துச்சு, கடைசியில கொஞ்சம் இருந்துச்சு. எங்களுக்கும் அப்படித்தான். நடுவுல ஒன்னுமே இல்லாமப் போச்சு."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் போன காரின் பிரேக் விளக்கு அவள் முகத்தில் சிவப்பாக விழுந்தது.

"நடுவுல நான் இருந்தேன்மா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவள் அவள் அப்பா மாதிரி. பதினாறு வருடம் வீணாகப் போனது என்று நான் ஊரெல்லாம் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. அவள் நடக்கப் பழகினது, பள்ளிக்கூட மேடையில் ஆடினது, காய்ச்சலில் என் மடியில் கிடந்தது, வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை பஸ் வரும் நேரத்துக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, எல்லாம் அந்த நடுவில்தான். நான் அதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் இருந்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழங்கியதில்லை என்று சொன்னேனே.

"அந்தப் பாட்ட நீ போன்ல தேடு," என்றேன். "நான் இனிமே கத்த மாட்டேன்."

"தேட வேணாம். ரெக்கார்ட் பண்ணிட்டேன்."

"படம் புடிக்கக் கூடாதுன்னு போட்டிருந்தாங்கலா!"

"படம் புடிக்கல. சத்தம் மட்டும்தான். அவரு திரும்பி வந்து உக்காந்தப்பவே அமுக்கிட்டேன். மடியில வெச்சிருந்தேன்."

"போடு."

காரின் ஸ்பீக்கரில் முதலில் யாரோ இருமினார்கள். அப்புறம் ஆரம்பித்தது. அமைதியாகிற இடம் வந்தது. மூன்று சத்தம் வந்தது. அதன் பிறகு கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, கிளினிக் கவுண்டரில் கத்துகிற தொண்டையோடு, ஒருத்தி "டக்" என்றாள்.

கேசட்டாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். இது நிற்கவில்லை. மகள் காரை ரோட்டு ஓரமாக, தேங்காய் ஷேக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடுப்பகுதியைக் கேட்டேன்.